எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு

சொந்தம் கண்டுபிடிப்பவர் என்றொரு இனம் உண்டு. பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் கேட்டு, பெயர் கேட்டு, இறங்குவதற்குள் உங்களைத் தம் சகலையின் தங்கைக்கு நாத்தனார் ஆக்கிவிடுவாரே, அவரேதான். பெரும்பாலும் இவர்கள் மனிதர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மொழிகளிடம் போகும் கிளையும் உண்டு. அது கொஞ்சம் ஆபத்தானது. மொழிகளால் எழுந்து வேறு இருக்கைக்குப் போக முடியாதல்லவா?

அந்தக் கிளையைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரிடம், நியூ கினிப் பள்ளத்தாக்கு ஒன்றின் மொழியை ஆராயச் சேர்ந்த அன்று, ஒரு மாணவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் மொழிக்குச் சொந்தக்காரங்க யாரு?"

"யாரும் இல்லை சார். தனிமொழி."

"இல்லைன்னு சொல்லாதம்மா. இன்னும் தேடலைன்னு சொல்லு."

"தேடினேன் சார்."

"'நான்'ங்கறதுக்கு அவங்க என்ன சொல்வாங்க?"

"'உபே' சார்."

"தப்பு. 'நா'. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அங்க போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். பக்கத்து மலை பூராவும் 'நா'தான். எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்மளும் 'நா வரேன், நா போறேன்'னுதானே சார் சொல்றோம்?" என்றாள்.

கிண்டல் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. கண்கள் பளபளத்தன. "அதைப் பத்தித் தனியா ஒரு கட்டுரை போடணும்!"

துறையில் அவருக்குக் 'குடும்பஸ்தர்' என்று பெயர், அவர் அறையில் இல்லாத நேரங்களில். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நியூ கினியிலும் சுற்றுத் தீவுகளிலும் நூற்றுக்கணக்கில் மொழிகள். ஒரு மலைக்காரர் பேசுவது அடுத்த மலைக்காரருக்குப் புரியாது. இவற்றில், பிற்காலத்தில் கடல் வழியாக வந்து இறங்கிய ஆஸ்திரோனேசிய மொழிகளை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருப்பதற்குப் பாப்புவா மொழிகள் என்று பெயர் வைத்தார்கள். மிச்சம் என்பது உறவுமுறையா? கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாராகவும் இல்லாமல் பெண் வீட்டாராகவும் இல்லாமல் நிற்பவர்கள் எல்லாம் அண்ணன் தம்பிகளா? ஆமாம் என்பார் குடும்பஸ்தர்.

ஒரு சொல் பிறப்பால் வந்ததா, பக்கத்து வீட்டில் வாங்கியதா, அதாவது இரண்டு மொழிகளும் பங்காளிகளா வெறும் சம்பந்திகளா என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, அவர் மெய்யெழுத்தைக் கொஞ்சம் தேய்த்து, உயிரெழுத்தைக் கொஞ்சம் நீட்டி, அர்த்தம் ஒத்துவராவிட்டால் 'பன்றி'யிலிருந்து 'சொத்து'க்கும் 'சொத்து'விலிருந்து 'மாமனாரு'க்கும் வழி போட்டு, மாலைக் காப்பிக்குள் ஒரு குடும்பத்தைக் கூட்டிவிடுவார். ஒத்துவராத மொழியை ஒன்றுவிட்ட மொழி என்பார். அதற்கும் ஒத்துவராவிட்டால் கோபித்துக்கொண்டு போன மொழி.

அவள் ஆய்வேட்டை முடித்த வருடம், அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை ஒரு வரைபடமாக அச்சுக்குப் போகவிருந்தது. குடும்பம் முழுக்கப் பச்சை. அவளுடைய மொழி இருக்கும் பள்ளத்தாக்கும் பச்சை. அவள் ஆய்வேட்டின் முதல் வரியோ, அந்த மொழிக்கு உறவே இல்லை என்றது. அந்த ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

"முதல் வரியை மட்டும் மாத்திக்கோம்மா. மத்ததெல்லாம் பிரமாதம்."

முதல் வரியை மாற்றினால் மத்ததெல்லாம் எதற்கு? அவள் எழுந்து போய், துறையின் பழைய ஒலிநாடாக்களுக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் அவர் அந்தக் காலத்தில் எடுத்த பதிவைத் தேடி எடுத்துவந்து அவர் மேஜையிலேயே ஓடவிட்டாள்.

முதலில் மழை. தகரக் கூரையில் கொட்டுகொட்டென்று கொட்டுகிற மழை. அதற்கு நடுவே, இளைஞரான குடும்பஸ்தர் பொதுச் சந்தைமொழியில் கத்துகிறார்: "'நான்' எப்படிச் சொல்வீங்க?"

ஒரு பெண்மணி: "நா?"

"'நீ'?"

"நா?"

"'நாம்'?"

"நாஆ?"

மாணவி அந்த மொழி பேசுபவர்களோடு இருந்து கற்றவள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சார், அவங்க மொழில 'நா'ன்னா 'என்னது?'ன்னு அர்த்தம். மழைல அவங்களுக்கு நீங்க கேட்டதே காதுல விழல."

நானும் நீயும் நாமும் ஒரே சொல்லான அந்தத் தன்னலமற்ற மக்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியவர் குடும்பஸ்தர். அந்த மூன்றாவது நீளமான 'நாஆ'வை மரியாதைப் பன்மை என்று விளக்கியிருந்தார். நாடாவைத் திரும்ப ஓடவிடச் சொன்னார். இன்னொரு முறையும். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் தெரியாத ஊரில், தெரியாத மொழியில் யாரோ 'அம்மா' மாதிரி ஏதோ சொன்னதும், "அட, இது நம்ம சொல்லாச்சே!" என்று பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தது யார்? அந்த மனிதர் ஒருவேளை "என்னது?" என்று கேட்டிருப்பார்.

குடும்பஸ்தர் ஆய்வேட்டை இழுத்து, முதல் வரியைப் படித்து, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். வரைபடத்தின் அச்சுப்படியை விரித்து அந்தப் பள்ளத்தாக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவர் அதுவரை யாரிடமும் பேசாத குரலில் கேட்டார்:

"சுத்தியும் பச்சைம்மா. நடுவுல இது மட்டும் வெள்ளையா இருந்தா, பாவம், தனியா நிக்கற மாதிரி இருக்கும். ஓரத்துல மட்டும் லேசாப் பச்சை அடிச்சுக்கட்டுமா?"