ஒரு வெள்ளை உடை அதிகம்

எண்ணிப் பார்த்ததில் வகுப்பில் ஒரு ஆள் அதிகமாக இருந்தது.

பயிற்சி ஆசிரியர் மறுபடியும் எண்ணினார்; அதே கணக்குதான். கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலைகளுக்கு டெக்னீஷியன்களைத் தயார் செய்யும் சமுதாயக் கல்லூரி அது. தூசு நுழையாத அந்தக் கண்ணாடி அறைக்குள் எல்லாருக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடை, முகமூடி, பெரிய கண்ணாடி. பெற்ற தாயே வந்தாலும் பிள்ளையைத் தேடி எடுக்க முடியாது.

"எங்க அதிகாரி ஒருநாள் சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பார். திருப்தியா இருந்தா மொத்த வகுப்புக்கும் வேலை. இல்லேன்னா பயிற்சியையே மூடிடுங்க" என்று வேலை தரும் சிப் கம்பெனி சொல்லியிருந்தது. அந்த நாள் இன்றுதானா?

ஏற்கெனவே காலை சரியில்லை. மனைவி அவர் சட்டையை மோந்து பார்த்து, "தினமும் என்னங்க இந்த வாடை?" என்று ஆரம்பித்திருந்தாள். கல்லூரியில் மேசை துடைக்கிற ஸ்பிரிட் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவர், தூசு ஒத்துக்காது என்று சொல்லியே கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் துடைப்பத்தைத் தொடாதவர். வேலையே துடைப்பதுதான் என்று தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். "உனக்குப் புரியாது" என்று நழுவிவிட்டார்.

வகுப்புத் தலைவியின் காதருகே போனார்.

"மூலையில நிக்கிறது யாரும்மா?"

"அய்யோ சார், நீங்களா இது? அதுதான் நீங்கன்னு நினைச்சு இவ்வளவு நேரம் பயந்துக்கிட்டிருந்தோம்!"

சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று. பார்த்ததுமே பயம் வருகிறதென்றால் அதிகாரியேதான். பெயர் கேட்டால் கோபித்துக்கொள்வார். தெரியாத மாதிரியே அசத்திவிட வேண்டியதுதான்.

"நல்லாப் பாருங்க!" என்று குரலை உயர்த்தினார். "துணியை நாலா மடிக்கணும். ஒரே திசையில இழுக்கணும். போன கோட்டு மேல கொஞ்சம் ஏறி அடுத்த கோடு. முன்னும் பின்னும் தேய்ச்சா அது துடைக்கிறதில்லை, தூசைத் தாலாட்டுறது!"

அந்த உருவம் கிட்டே வந்தது. அவர் துடைத்த மேசையை விரலால் தடவிப் பார்த்தது. ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தது.

'தரப் பரிசோதனை!' பதற்றத்தில் மண்டியிட்டுத் தரையையும் துடைக்க ஆரம்பித்தார். வேகம் கூடியதில் தூசு அளக்கும் கருவி 'கீச் கீச்' என்று அலறியது.

"யாரும் அசையாதீங்க! அசைஞ்சா தூசு கிளம்பும்!"

எல்லாரும் சிலையானார்கள். ஒருவன் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. கருவி மட்டும் விடாமல் கத்தியது. அந்தச் சத்தத்தை மறைக்க அவர் பேச வேண்டியதாயிற்று.

"எனக்கு இது தொழிலே இல்லை, ரத்தத்துல ஊறினது. வீட்டுலயும் தினம் நான்தான் துடைக்கிறேன். எங்க வீட்டுத் தரையில முகம் பார்த்துத் தலை வாரலாம். வீட்டுக்காரிக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிபடாது, பாவம்!"

சிலைகளுக்கு நடுவே அந்த உருவம் மட்டும் நகர்ந்தது. புதுத் துணி ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தது. விரலால் மேசைக்கு அடியைக் காட்டியது.

செய்முறைத் தேர்வு! ஆசிரியர் தவழ்ந்து போய்த் துடைத்தார். விரல் கதவு நிலைக்குப் போனது, அதையும் துடைத்தார். பிறகு இயந்திரத்தின் கால்கள், பிறகு கூரையோரத்துக் காற்றுச் சல்லடை. விரல் ஓயவில்லை. முதுகு கழன்றாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் போதும் என்று துடைத்துத் தள்ளினார்.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வெளியே உடைகள் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்.

"சார், கம்பெனி அதிகாரி இங்கே நின்னு கண்ணாடி வழியா எல்லாத்தையும் பார்த்துட்டார். ரொம்பத் திருப்தி, மொத்த வகுப்பையும் எடுத்துக்கிறாராம். உள்ளே வரத்தான் அவருக்கு உடை இல்லாமப் போச்சு. மிச்சமிருந்த ஒண்ணையும் உங்க வீட்டம்மா மாட்டிக்கிட்டு அப்பவே உள்ளே வந்துட்டாங்களே!"