22/7-க்காக வேலை போன பின்னம் சார்

எங்கள் பள்ளித் தாளாளர் செய்தது தப்பு. பெரிய தப்பு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலேயே ஒரு எண்ணுக்காகச் சண்டை போடக்கூடிய ஒரே மனிதரை அவர் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அவரைப் பின்னம் சார் என்போம். கணக்கு வாத்தியார். நான் விளையாட்டு வாத்தியார். எந்த எண்ணைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: இதைப் பின்னமாக எழுத முடியுமா? முடிந்தால் விகிதமுறு எண், முடியாவிட்டால் விகிதமுறா எண்; புள்ளிக்குப் பின்னால் முடியாமலும், வந்ததே திரும்ப வராமலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தவரைப் பார்க்கப் பாலவனத்தம் போனேன். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "நூத்திரெண்டு புள்ளி நாலு. விகிதமுறு எண்தான் சார், பயமில்ல" என்றார்.

ஒருநாள் மைதானத்தில் ஓடுதளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வழக்கம்போல் பையின் (π) மதிப்பை 22/7 என்று வைத்திருந்தேன். ஓடி வந்தார்.

"என்ன சார், சுண்ணாம்பெடுத்துப் பொய் எழுதிட்டு இருக்கீக?"

"என்னய்யா பொய்யி?"

"22/7 பின்னம். பையைப் பின்னமா எழுதவே முடியாது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ஒரு சுத்துக்கு நாலு சென்டிமீட்டர் கம்மியா ஓடுவாங்க."

"ஓடுனா ஓடிட்டுப் போறாங்க. வெயில் மண்டையப் பொளக்குது, ஓரமா நில்லுங்க."

நிற்கவில்லை. செருப்புக் காலால் கோட்டை அழித்தார். அடிக்கவே போய்விட்டேன்.

சுதந்திர தினத்தன்று தாளாளர் பேசிக்கொண்டே இருந்தார். "இந்தப் பேச்சு முடியாது போலயே. விகிதமுறா எண்ணா சார்?" என்று காதைக் கடித்தேன்.

"இல்ல சார். முடியாட்டியும் சொன்னதையேதான திருப்பித் திருப்பிச் சொல்றாரு? அப்ப விகிதமுறு எண்தான்."

சிரித்துத் தொலைத்தேன். தாளாளர் பார்த்துவிட்டார்.

அப்புறம் அரையாண்டுத் தேர்வு. தாளாளரே தயாரித்த விடைக்குறிப்பில், 22/7 விகிதமுறா எண் என்றிருந்தது. பின்னம் சார் அதை மதிக்கவில்லை. விகிதமுறு எண் என்று எழுதிய பிள்ளைகளுக்குத்தான் மதிப்பெண் போட்டார். தாளாளர் கூப்பிட்டு, விடைக்குறிப்பு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். ஆனா ஏழால வகுத்தா 142857-தான் சார் மறுபடி மறுபடி வருது. நான் என்ன செய்ய?"

மறுநாள் முதல் அவர் வரவில்லை. முந்தின நாள், கையெழுத்துப் போட்டுவிடும்படி நானும் அவரிடம் கெஞ்சினேன். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

தாளாளர் அவர்களே, வருகிற பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: 22/7 எந்த வகை எண்? அவர் செய்த குற்றம் என்ன? முன்வரிசையில் இருப்பேன். என் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். பதில் சொல்லுங்கள்.