மார்க்குக்குப் பேரம்

மீன் விக்கிறவளுக்கு வாய் தனியா வேல செய்யும். மூள பின்னாடி மெதுவாதான் வரும். எனக்கு அன்னிக்கு வரவே இல்ல.

நொச்சிக்குப்பத்துல ரோட்டோரம் எனக்கு மீன் கட. மூணாங்கிளாஸோட நின்னவ நான், பேரப்புள்ளைங்கள எடுத்தப்பறம் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல சேந்தேன். (அரசாங்கத்தோடது. ஸ்கூல பாதில வுட்டவங்களும் சேரலாம்.) மொதல்ல ஒரு அடிப்படை கோர்ஸு. அத பாஸ் பண்ணாதான் பி.ஏ. நான் அதுக்குள்ள குப்பம் முழுக்க 'பி.ஏ. படிக்கிறேன்'னு சொல்லி லட்டு குடுத்துட்டேன்.

என்ன இழுத்துக்கினு போனது ஹவில்தாரு. பட்டாளத்துல ரிடயர் ஆயி, ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு அப்பார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேன். எங்கிட்ட பேரம் பேசாம மீன் வாங்குற ஒரே ஆளு. ஞாயித்துக்கெழம அடையாறுல கிளாஸு. அவர மாதிரி பட்டாளத்துக்காரங்க நாலஞ்சு பேரு. வாத்தியார் இருமுனாகூட எழுந்து நிப்பாங்க.

கடைசில வாய்மொழித் தேர்வு. கேள்வி கேக்குற மேடம் முன்னாடி நான். எனக்கடுத்து ஹவில்தாரு, கதவாண்ட வெறப்பா நின்னுக்கினு கீறாரு. பத்துக்கு அஞ்சு வாங்குனா பாஸு. மேடம் கேட்டதுல பாதிக்கு 'தெர்ல'ன்னேன். நல்ல மனசு அவங்களுக்கு. "பரவாயில்லம்மா, அஞ்சு போடலாம்"னாங்க.

வாய் வேலைய ஆரம்பிச்சிருச்சு. "இன்னா மேடம், அஞ்சுன்ற? எட்டா போட்டுக் குடு."

மேடம் எழுந்து நடந்தாங்க. (ஃபேன் போடத்தான். எனக்கு எப்டித் தெரியும்?) கஸ்டமரு முதுகக் காட்டுனா வெலைய எறக்கணும், நம்ம பொழப்பு அப்டி.

"யம்மா, கோச்சிக்காத, வா. உனக்கோசரம் நாலுக்கு வுடறேன்."

ஹவில்தாரு படக்குனு முன்னாடி வந்தாரு. "மேடம், என் மார்க்குல ஒண்ணு இவங்களுக்குக் குடுத்துருங்க. பட்டாளத்துல ரொட்டியே அப்டித்தான் பிச்சித் தின்னோம்."

"நீங்க இன்னும் ஒரு பதில்கூட சொல்லலியே ஹவில்தார்"னாங்க மேடம். அப்பறம் என் பக்கம் திரும்பி, "அஞ்சு எப்பவோ பேனாவுல எழுதியாச்சும்மா. அடிக்க முடியாது. வாய மூடிக்கினு கெளம்புங்க."

எங்க குப்பத்துத் தமிழையே பேசிட்டாங்க.

இப்ப நானும் ஹவில்தாரும் பி.ஏ. மொத வருஷம். மேடம் எங்கிட்டதான் மீன் வாங்குறாங்க. வெல சொன்னதும் மெதுவா ரெண்டடி நடப்பாங்க. ஐஸ்பொட்டியாண்டருந்து என் மருமவ கொரல் குடுப்பா: "அத்தே, கூப்புடாத. நாலுக்கு வுட்ருவ."