ஆஸ்பத்திரி விசாரிப்பாளரும் ஓடிகொலோன் கைக்குட்டையும்

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன, ஆயர் ஈத்தாம் என்ற ஊர் ஆள் ஒருவன், வயிற்றைக் குணப்படுத்திக்கொண்டு, அதற்கு ஈடாகக் கழுத்தில் ஒரு கட்டியையும் உடம்பு நிறையக் காய்ச்சலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினானாம். கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. ரொட்டி கொண்டு வருகிறவரின் மைத்துனர் சொன்னதாக அர்ஜுனன் சொன்னார். அர்ஜுனன் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். ஆகவே அவர் சொல்வது எதுவும் கூடக் குறைய இருக்காது என்பது பினாங்கு சூலியா தெருவில், மீரா சாகிப்பின் கோப்பிக் கடையில், நெடுநாளைய நம்பிக்கை.

"உள்ளே போறப்ப ஒரு வியாதி, வெளியே வர்றப்ப வேற வியாதி அண்ணே. அங்கேயே ஒட்டிக்குதாம்" என்றார் அர்ஜுனன்.

எதிரே உட்கார்ந்து கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்த வேதநாயகம், இதெல்லாம் தனக்குப் பழைய சங்கதி என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவர் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நாகப்பட்டினத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்துக் கரையேறியவர். "எனக்குத் தெரியாதா? வாரா வாரம் உள்ளே போய் வர்றவன்லா நான்" என்றார்.

வாசகரே, அவர் சொன்னது உண்மை. அவர் வாரா வாரம் போகிறவர்தான். மனிதரில் ஒரு தனி இனம் உண்டு. அதற்கு ஆஸ்பத்திரி விசாரிப்பாளர் என்று பெயர். வெயில் மழை பாராது. உறவு நட்பு பாராது. எங்கே ஒருவன் படுத்தான் என்று காதில் விழுந்ததோ, அங்கே ஒரு பொட்டலம் ஆரஞ்சுடன் முளைக்கும். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். விசாரிப்பாளர் வராத ஆஸ்பத்திரி எது?

வேதநாயகம் இந்த இனத்தில் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. பினாங்குக்கு வந்த புதிதில் அவர் மலேரியாக் காய்ச்சலில் படுத்தபோது, பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஆள் மேல் ஆள் வந்தது. இவரை எட்டிப் பார்க்க ஒரு நாதியில்லை. கடல் தாண்டி வந்த ஊரில் கேட்பாரற்றுக் கிடப்பதைவிடப் பெரிய வியாதி இல்லை என்று அன்றைக்கு முடிவு கட்டியவர், எழுந்து நடந்த நாள்முதல் எல்லாரையும் கேட்கப் புறப்பட்டுவிட்டார். நல்ல மனம்தான். யார் இல்லை என்றார்கள்? சங்கடமே அந்த நல்ல மனத்தோடு கூடவே வருகிற இரண்டு கைகளால்தான்.

விசாரிப்பாளர் வார்டுக்குள் நுழையும் அழகைப் பாருங்கள். முதலில் சட்டைப்பையிலிருந்து ஓடிகொலோன் தெளித்த கைக்குட்டை வெளியே வந்து மூக்கைப் பொத்தும். கிருமி நாற்றத்தில்தான் இருக்கிறது, வாசனை வந்தால் அது ஓடிப்போகும் என்பது அவருடைய சித்தாந்தம். பிறகு நாற்காலி காலியாக இருந்தாலும் கட்டிலிலேயே உட்கார்ந்து, கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுத்துக் காய்ச்சல் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று படித்து, டாக்டருக்கு இதில் அவ்வளவு அனுபவம் போதாது என்று தாழ்ந்த குரலில் சொல்லி, நோயாளியின் நெற்றியை அதே கைக்குட்டையால் ஒற்றி, கட்டுப் போட்ட இடத்தை "இங்கேயா?" என்று அழுத்தி, அவன் "ஆமாம்" என்று முனகியதும் மனம் நிறைந்து, அவனுடைய பார்லித் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்புப் போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லி, அடுத்த கட்டிலுக்கு நகர்வார். அங்கே படுத்திருப்பவரை அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? கட்டில் பக்கத்தில்தானே இருக்கிறது.

கைக்குட்டையை அவர் மனைவி அமலம்மாள் துவைக்கக் கேட்டால் தரமாட்டார். வாசனை போய்விடும்.

இப்படிப்பட்டவருக்கு இடையூறாக ஆஸ்பத்திரிக்காரர்கள் வார்டு வாசலில் ஒரு எனாமல் பேசின் வைத்தார்கள். அதில் லைசால் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீர், பக்கத்தில் சோப்பு. பார்க்க வருகிறவர் எல்லாரும் போகும்போதும் வரும்போதும் கை கழுவ வேண்டுமாம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே வந்த வேதநாயகம் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். காவலுக்கு நின்ற நர்ஸ், மிசி லீனா, எல்லாருக்கும் சொல்கிற மாதிரியே அவருக்கும் சொன்னாள்.

"ஏம்மா, சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தாத்தான் நம்ம ஆளுங்க கை கால் கழுவுவாங்க. மூச்சு விட்டுக்கிட்டிருக்கிற மனுசன் முன்னாலே கழுவினா அவன் என்ன நெனைப்பான்?"

"பொழைச்சுக்கலாம்னு நெனைப்பாரு" என்றாள் மிசி.

பெண்பிள்ளையிடம் வாதாடுவது பெரிய கிராணிக்கு அழகல்ல. மாதா கோயில் வாசலில் தீர்த்தத்தைத் தொடுவதுபோல நடுவிரலின் நுனியை மட்டும் லைசாலில் தொட்டு, பழக்க தோஷத்தால் நெற்றிவரை கொண்டுபோய், நினைவு வந்து நிறுத்தி, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மிசிக்கு மரியாதை செய்தாயிற்று. நோயாளிக்கும் மனவருத்தம் இல்லை. இரண்டு பக்கமும் சமாளித்த மனிதருக்கு நடையில் ஒரு மிடுக்கு வரத்தானே செய்யும்?

முதல் கட்டிலில் முருகப்பச் செட்டியார், பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்து வட்டிக்கு விடுகிறவர். பிடரியில் ராஜபிளவை வந்து, கீறிக் கட்டுப் போட்டுக் குப்புறப் படுத்திருந்தார். வேதநாயகம் கட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார்.

"டாக்டர் கட்டிட்டுப் போனதைப் பிரிக்காதீக கிராணியாரே."

"பிரிக்கலே செட்டியாரே. ஓரமா ஒரு பார்வை."

பார்வை முடிந்தது, முகர்ந்தும் ஆயிற்று. சீழ் நல்ல சீழ்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று அறிவித்தார். கழுத்தில் வடிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகச் செட்டியாரின் வாயில் ஊட்டிக்கொண்டே, கோப்பிக் கடையில் கேட்ட சேதியை விளக்கினார்.

"இந்த இடத்துலே ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். ஒருத்தர் வியாதி இன்னொருத்தருக்கு ஒட்டிக்குதாம். எப்படின்னே தெரியலையாம்."

இதே எச்சரிக்கையை அவர் அந்த வரிசை முழுவதும் கட்டில் கட்டிலாகச் சொன்னார். எச்சரிக்கை ஒன்றுதான், கைக்குட்டையும் ஒன்றுதான். கூட்டம் போட்டு, தலைவர் வைத்து, மாலை போட்டுச் செய்ய வேண்டிய பிரசாரத்தை ஒரு மனிதர் தனியாகச் செய்தார் என்றால் சும்மாவா?

கடைசியாக, மாடியில் பிரசவ வார்டு. அன்றைக்கு அவர் நெஞ்சு விம்ம வந்ததே அதற்காகத்தான். அவருடைய ஒரே மகள் அக்னஸ் முந்தின நாள் ஆண்குழந்தை பெற்றிருந்தாள். அந்த வாசலிலும் பேசின் இருந்தது. மிசி யாரும் இல்லை. வேதநாயகம் பேசினைக் கண்டுகொள்ளவில்லை.

அக்னஸ் கான்வென்டில் படித்தவள். அப்பாவைக் கண்டதும் சிரித்தாள். சிரிப்பு மாறாமலே குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, "அப்பா, கை கழுவிட்டு வாங்களேன்" என்றாள்.

வேதநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னையா சொல்றே? பெத்த மகளைப் பாக்கக் கை கழுவணுமா? நான் என்ன சாவு வீட்டுக்கா வந்திருக்கேன்?"

அவருடைய கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பினாங்கு ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களை எல்லாம் விசாரித்த மனிதர், சொந்த மகளிடம் வந்து நிற்கிறார். அவள் என்ன செய்வாள்? குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை. தூங்குகிறான் என்று சொல்லிவிட்டாள். தன் முகத்தைக் கொடுத்தாள். அவர் கைக்குட்டையை எடுத்து அவளுடைய நெற்றியையும் கன்னத்தையும் வாயோரத்தையும் ஆசையாகத் துடைத்தார். போர்வையை விலக்கிக் காலைப் பிடித்துவிட்டார். ஈரமாக இருந்த துணிகளைத் தாமே மடித்துக் கொடுத்தார். அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்னஸுக்குக் காய்ச்சல். குளிர் நடுக்கத்தோடு வந்தது. பிரசவித்தவளுக்கு வரும் அந்தக் காய்ச்சலுக்கு என்ன பெயர் என்று வேதநாயகத்துக்கு இரண்டு பாஷையிலும் தெரியும். இரண்டு பாஷையிலும் அவர் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் அசுத்தம் என்று மட்டும் சொன்னார், பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில், மீரா சாகிப்பிடமும் அர்ஜுனனிடமும் சொல்லிக் கொஞ்சம் ஆறுதல் பெறலாம் என்று கோப்பிக் கடைக்குள் நுழைந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அர்ஜுனன் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, ஆஸ்பத்திரி சேதி இப்ப வெளங்கிருச்சு. ஒரு ஆளு வர்றானாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. வாசனைக் கைக்குட்டை வச்சிருக்கானாம். அவன் தொடைச்சுவிட்ட கட்டில்காரனுக்கெல்லாம் காய்ச்சலாம். செட்டியாருக்குப் பக்கத்துக் கட்டில்லே ஒரு சீனன், கால் முறிவு, அவனுக்கும் இப்ப சீழ் கட்டிக்கிச்சாம்."

"சைத்தான் வேலை" என்றார் மீரா சாகிப், கோப்பியைக் கலக்கிக்கொண்டே. "அவனைப் புடிச்சு ரெண்டு போடணும். ஏன் கிராணியாரே, நீங்க வாரா வாரம் போறவராச்சே, அப்படி எவனையும் பாத்ததில்லையா?"

வேதநாயகம் பார்த்ததில்லை என்றார். சட்டைப்பையின் வாயைக் கையால் அமுக்கிக்கொண்டு சொன்னார். வழக்கத்தில் கோப்பியோடு வரும் நெற்றி வியர்வையை அன்று அவர் துடைக்கவில்லை. அது வழிந்து கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னாங்க?" என்று கேட்டார், ஏதாவது ஒரு வழி இருக்குமா என்று.

"அதான் அண்ணே, உங்க மகள் இருக்கிற ஆஸ்பத்திரி. பாத்துக்கங்க. அவனை அந்தப் புள்ளே கிட்டே விட்றாதீங்க."

கோப்பி அப்படியே இருந்தது.

கம்பெனியில் டெலிபோன் பெரிய கிராணியின் மேஜைமேல்தான் இருக்கும். அதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. மருமகன் லாரன்ஸ் இரவிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். டாக்டர் பார்த்ததும் கூப்பிடுகிறேன் மாமா, எதுவாக இருந்தாலும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். வேதநாயகம் அந்தக் கறுப்பு யந்திரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார். அறையின் மூலையில் முகம் கழுவும் தொட்டி; அதன்மேல் ஒரு துண்டு சோப்பு. அது அங்கே எத்தனை காலமாக இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

மணி அடித்தது.

அவர் கை நீண்டது. வழியிலேயே நின்றது. தம்முடைய கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எழுந்து தொட்டியண்டை போனார். குழாயைத் திறந்தார். கழுவுவது சாவு வீட்டு வழக்கம் என்று இத்தனை காலமும் சொன்னவர் அவர்தானே? மகளைப் பற்றிய சேதி மணியடிக்கும்போது கழுவலாமா? கழுவாமல் அதைத் தொடலாமா? தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு கையையும் நீட்டி, சோப்பைப் போட்டு, நகத்தடியெல்லாம் தேய்க்கத் தொடங்கினார். முழங்கைவரை தேய்த்தார். நிறுத்தத் தெரியவில்லை.

அவரை விட்டுவிடுவோம், வாசகரே. நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல என்பது தெரிந்ததுதான். ஆனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பொட்டலத்தோடு யாரையோ பார்க்கப் போவதாகக் கேள்வி. நல்ல காரியம், போய் வாருங்கள். போவதற்கு முன் உங்கள் சட்டைப்பையிலிருக்கும் கைக்குட்டையை வெளியே எடுத்து, இது கடைசியாக எப்போது தண்ணீரைக் கண்டது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவசரமில்லை. டெலிபோன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.