குற்றவாளி ஹெட்லைட்தான், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் மோட்டார் சைக்கிளும் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊரின் மறுகோடியில் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு, போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

"மாமா, இனிமே இருட்டினப்புறம் நீங்க வண்டிய எடுக்காதீங்க. அத்தை வேணும்னா வேலைய விட்டுடட்டும்" என்று சென்ற வாரம் தீர்ப்பு சொன்னீர்கள். மிகுந்த மரியாதையுடன் அதை மறுக்கிறேன். உங்கள் அத்தை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். அவளுக்கு வேலை முடிவதற்குள் கடைசிப் பேருந்து போய்விடும். அதனால் பொழுதிருக்கும்போதே போய் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து அழைத்து வருகிறேன். நான் போகாவிட்டால் அந்த வேலை போய்விடும், வேலை போனால் அவள் என்னை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். விளையாட்டு இருக்கட்டும். வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அடுக்கிவைத்துவிட்டு வெளியே வரும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

சம்பவத்துக்கு வருகிறேன். அவளுக்கு விடுமுறையான ஒரு நாள் இருட்டில் தனியாக வந்தபோது, நடுச் சாலையில் நின்ற ஒருவருக்காக நான் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, "ஐயா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்று கேட்டதும், அவர் அசையாததால் "படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இப்படி நிக்கலாமா?" என்று சத்தம் போட்டதும், அவர் சாலை வேலைக்காக வைத்திருந்த தார் பீப்பாய் என்று பிறகு தெரியவந்ததும் உண்மை. பீப்பாய் மேல் யாரோ சட்டை காயப்போட்டிருந்ததை என் மகள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்திய கண், மாப்பிள்ளை, இது. ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடும். குற்றவாளி ஹெட்லைட்.

அதன் கண்ணாடி பழுப்பேறிக் கிடந்தது. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று பால்காரர் சொன்னதைக் கேட்டு வீட்டிலிருந்த பற்பசையைப் பிதுக்கித் தீர்த்தேன், மறுநாள் காலை நாங்கள் இருவரும் உப்பால் பல் துலக்க, வண்டி மட்டும் புதினா வாசனையோடு நின்றது. அது போதாதென்று கீழ்வீட்டுத் தச்சரிடம் உப்புத்தாள் வாங்கித் தேய்த்தேன், அது கதவு தேய்க்கிற முரட்டுத்தாள் என்பதால் கண்ணாடி குளியலறை ஜன்னலாகிவிட்டது. சரியென்று புதுக் கண்ணாடி வாங்கி மாட்டப்போனால், உள்ளே வெள்ளியாக மின்னும் கிண்ணத்தில் தூசி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன், வெள்ளி முழுவதும் துணியோடு வந்துவிட்டது. ஆக, மொத்த ஹெட்லைட்டையும் மாற்றினேன். புது பல்பை விரலால் தொடக்கூடாது என்று அட்டையில் போட்டிருந்ததாம், அவ்வளவு பொடி எழுத்தில் அச்சடித்தவனை என்ன சொல்வது, தொட்டுத் தடவி மாட்டினேன், சில நாளில் உயிரை விட்டது. கடைசியில் எல்.ஈ.டி. பல்பு போட்டேன். வெளிச்சம் என்றால் அதுதான் வெளிச்சம்! ஆனால் அது சாலையை விட்டுவிட்டு எதிர்வீட்டு மாடியைக் காட்டியது. மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "சார், நாங்க சாப்பிட்டு முடிச்சாச்சு, நிறுத்திக்கலாம்" என்றார்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவருடைய முறையே தனி. பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து, வண்டியை எதிரே நிறுத்தி, தினமும் ஏறுகிற பாரம் ஏறினால்தான் வெளிச்சம் எங்கே விழும் என்று தெரியும் என்று என்னை உட்காரச் சொன்னார். "அக்கா, நீங்களும் ஏறுங்க." உங்கள் அத்தையும் சாப்பாட்டுப் பையோடு ஏறினாள். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, நகராத வண்டியில் இருவரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் திருகைத் திருப்பியபடி, "சார், கோட்டுக்குக் கீழ வந்துச்சா?" என்று கேட்டார். அவர் கோட்டை எங்கே போட்டிருக்கிறார் என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே, "இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், போதும்" என்று உங்கள் அத்தை முந்திக்கொண்டாள். எப்போதும் இப்படித்தான். பின்னால் ஏறிவிட்டால் அவள் வாய் ஓயாது. "என்னங்க, குழி வருது", "இடது பக்கம் சைக்கிள்", "நாய் படுத்திருக்கு, சுத்திப் போங்க" என்று வீடு வந்து சேரும்வரை வர்ணனைதான். ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? நானும் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆகவே, விளக்கு சரியாகிவிட்டபடியால் தங்கள் தடையை விலக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மகளுக்கு ஆசிகள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், மாமனார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும் நல்ல மனமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கிளம்பும் நேரமாகிவிட்டது, வழக்கம்போல் பொழுதிருக்கும்போதே அவளை அழைத்துவரப் போனேன். அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே இல்லை. புது வெளிச்சம், நிம்மதியான பயணம் என்று குஷியாகக் கிளம்பினேன். தெருமுனையில் ஒரு குழியில் இறங்கி ஏறினோம். உடனே இன்னொன்று. பிறகு திடீரென்று அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள், பிரேக் போட்டேன். முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஏதோ நின்றது. இந்த முறை பீப்பாய் இல்லை. "பாத்து வாங்க பெரியவரே" என்றது. இறங்கிப் போய் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். கண் கூசும்படி எரிந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாப்பிள்ளை. இத்தனை நாளும் அவள் சொல்லச் சொல்லத்தான் ஓட்டியிருக்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தோம். குழி வரும்போதெல்லாம் அவள் என் முழங்கையைத் தொட்டாள். நாளை கண் மருத்துவரிடம் போகிறோம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அவள் வேலையை மட்டும் அடித்துவிட வேண்டாம். என் கண் தேறும்வரை மாலையில் நீங்கள் வந்து அத்தையை அழைத்துவர வேண்டும். வண்டி தயாராக இருக்கிறது. வெளிச்சம் பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.