பதினாறு மில்லிமீட்டர் ஜாங்கிரி

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. சட்டைப் பையில் ஒரு வெர்னியர் இருந்ததுதான் காரணம். கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் போல்ட் அளக்கத் தந்தது. நான் அதை வைத்து வானத்தையும் அளந்துகொண்டிருந்தேன். (கவிதையும் எழுதினேன். அது வேறு விபத்து.)

அக்காவின் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஜாங்கிரி வைக்கவில்லையாம். திருவள்ளூர் சம்பந்தி வீட்டில் அவ்வளவு கோபம். ஆறு மாதமாக அக்காவைப் பிறந்த வீட்டுப் பக்கமே அனுப்பவில்லை. வாளி தூக்கியவன் நான். வைத்தேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். யார் கேட்டார்கள்?

அப்போதுதான் படச்சுருள் வந்தது. கப்பலில் வேலை பார்த்த நண்பன், தாலி கட்டியதையும் பந்தியையும் சின்னக் கேமராவில் எடுத்து, வெளிநாட்டில் கழுவி அனுப்பியிருந்தான். சாட்சி!

எந்த புரொஜக்டரில் ஓட்டுவது? பட்டறை ஸ்டோர்கீப்பர் சுருளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாபா, ஓட்டைங்க கிட்டகிட்ட கீது, படம் பொடிசா ரெண்டு வரிசையா கீது? எட்டு மில்லி மாதிரி இல்ல?"

வெர்னியரை வைத்தேன். அட்சரசுத்தமாகப் பதினாறு.

"அண்ணே, வெர்னியர் பொய் சொல்லுமா?"

பட்டறையில் பாதுகாப்புப் படம் காட்டும் பதினாறு மில்லி புரொஜக்டரைக் கெஞ்சி வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்து பஸ்ஸில் திருவள்ளூர் போனேன். சுவரில் வேட்டி கட்டினேன். சம்பந்தி குடும்பமே உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது, தூசி பொன்னாக ஆடியது, காலம் என் விரல் பிடித்து நடக்கத் தொடங்கியது. பின்னோக்கி.

வேட்டியில் நான்கு படங்கள். இரண்டில் அக்காவுக்குத் தாலி ஏறியது. மற்ற இரண்டில் பந்தி தலைகீழாகத் தொங்கியது. மாமன் வாயிலிருந்து முழு ஜாங்கிரி வெளியே வந்து இலையில் அமர, என் கை பருந்தாகப் பாய்ந்து அதை வாளிக்குள் போட்டது.

"பாத்தியா யக்கா!" என்று அக்காவின் மாமியாரிடம் எகிறினார் மாமன். "வெச்சத எடுத்துக்கினு போறான்!"

பதறிப்போய்ச் சுருளைத் திருப்பி மாட்டினேன். பந்தி நிமிர்ந்தது. ஜாங்கிரி இலையில் விழுந்தது, மாமன் விழுங்கினார்.

"தோ, துன்னீங்களே!" என்று கூவினேன்.

யாரும் கேட்கவில்லை. இப்போது தாலி கட்டியது தலைகீழாகியிருந்தது. அக்கா கழுத்திலிருந்து மாப்பிள்ளை வெகு பொறுமையாகத் தாலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாப்பிள்ளைகள்.

"அய்யய்யோ, எம்புள்ள தாலிய அவுக்கிறானே!" மாமியாரின் அலறலில் புரொஜக்டரே நின்றுவிட்டது. (நான்தான் ஒயரைத் தட்டிவிட்டேன்.)

அந்தக் கேமராவில் பதினாறு மில்லி அகலச் சுருளின் ஒரு பாதியில் எடுத்து, திருப்பி மாட்டி மறுபாதியிலும் எடுப்பார்களாம். கழுவியபின் நீளவாக்கில் இரண்டாக வெட்டினால்தான் அது எட்டு மில்லி. எங்களுடையதை வெட்டாமலே அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் பிறகு ஸ்டோர்கீப்பர் சொன்னது, வெர்னியர் சொல்லவில்லை.

தோஷம் கழிய, அடுத்த வெள்ளிக்கிழமை பெரியபாளையத்தம்மன் சன்னிதியில் அக்காவுக்குப் புது மஞ்சள் கயிறு ஏறியது. பெண் வீட்டில்தான் விருந்து என்பதால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டியதாயிற்று! இன்றுவரை வருஷத்துக்கு இரண்டு கல்யாண நாள் கொண்டாடி, இரண்டுக்கும் என்னிடம் புடவை கேட்கிறாள்.

மாமனுக்கு இப்போது சர்க்கரை வியாதி. ஆனாலும் எந்தப் பந்தியில் நான் வாளியோடு வந்தாலும், இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கேட்பார்:

"தம்பி, வெக்க வந்தியா, எடுக்க வந்தியா?"