ஏழு மணிக்கு ஊதிய ஐந்து மணிச் சங்கு

காலத்தை வென்றவர்கள் என்று புராணங்கள் சிலரைப் போற்றுகின்றன. தவம் கிடந்து, வரம் வாங்கி, வெகு சிரமப்பட்டு வென்றவர்கள் அவர்கள். ஒரு கயிற்றை இழுக்காமல் இருந்தே காலத்தை நிறுத்திக் காட்டிய பெருமை, 1964ஆம் ஆண்டு தை மாதத்தில், கடலூர் முதுநகரில் ஒரு கடலை மில்லின் ஓவர்டைம் குமாஸ்தா தட்சிணாமூர்த்தியையே சேரும்.

தட்சிணாமூர்த்தி அப்போது தற்காலிகம். சிதம்பரத்தில் அவர் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். பெண்ணின் தகப்பனார் ஜாதகத்தை ஒரு தடவைதான் பார்த்தார், "வேலை பர்மனென்ட்டா?" என்பதை மூன்று தடவை கேட்டார். "ஆனதும் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்று காபி கொடுத்து ரயிலேற்றிவிட்டார். பெண்ணோ கதவிடுக்கில் ஒரு முறை சிரித்துத் தொலைத்திருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே தட்சிணாமூர்த்தி உருகிப்போனார். பர்மனென்ட் ஆவதற்காக எந்தத் தர்ம காரியத்தையும் செய்யத் தயாராக இருந்தார்.

மில்லில் கூலி மணிக்கணக்கு. காலை எட்டுக்குச் சங்கு ஊதும், மாலை ஐந்துக்கு மறுபடி ஊதும். அதற்குமேல் செய்கிற வேலைக்கு இரட்டைக் கூலி. யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவதுதான் தட்சிணாமூர்த்தியின் உத்தியோகம். கடலை வரத்து ஜாஸ்தியான அந்த சீசனில், இரட்டைக் கூலியை நினைத்து மானேஜர் ராஜாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"எப்படியாவது ஓவர்டைமைக் கொறைய்யா. ஒன்னை பர்மனென்ட் பண்றதும் அதுலதான் இருக்கு" என்றார்.

தட்சிணாமூர்த்தி இரவெல்லாம் சிந்தித்து, மறுநாள் மானேஜர் அறைக்குள் ஞானிபோல் நுழைந்தார்.

"சார், ஓவர்டைம் எப்ப ஆரம்பிக்குது?"

"அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணி ஆச்சுன்னு எப்படித் தெரியுது?"

"சங்கு ஊதினா தெரியுது."

"சங்கு ஊதறது யாரு சார்?"

"நீதான்... அட!"

ராஜாமணி எழுந்து நின்றார். தற்காலிகக் குமாஸ்தாவுக்கு அந்த அறையில் நாற்காலி போடப்பட்டது அதுவே முதல் தடவை. 'நேர ஒழுங்குத் திட்டம்' அன்றே அமலுக்கு வந்தது. அன்றைய மூட்டைகளை எப்போது உடைத்து முடிக்கிறார்களோ, அப்போது மணி ஐந்து. டைம் ஆபீஸ் கடிகாரமும் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஒரு திருகு திருகப்பட்டுத் திட்டத்துக்கு ஒத்துழைத்தது. வெளியார் கடிகாரங்கள் 'அங்கீகாரமற்றவை' என்று அறிவிக்கப்பட்டன. சங்கை நம்பி ஸ்டேஷனுக்குப் போனவர்கள், சாயங்கால சிதம்பரம் பாசஞ்சர் முன்கூட்டியே போய்விட்டதாக ரயில்வேயைத் திட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

உடைத்த பருப்பில் கல் பொறுக்கும் இருசம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஐயா, கல்லு எது, பருப்பு எதுன்னு தெரியல. மணி இன்னா?"

"நாலே முக்கால்."

"நாலே முக்காலுக்கு நட்சத்திரம் வருதே?"

"தை மாசம்மா. பகல் குட்டை" என்றார் தட்சிணாமூர்த்தி, கூசாமல்.

அது நோன்பு மாதம் வேறு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் மெஷின் மீரான் பெல்ட்டை நிறுத்திவிட்டு, மடியிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்தான்.

"என்னய்யா அக்கிரமம்! அஞ்சு மணி ஆகாம நோன்பு தொறக்கலாமா?" என்று பதறினார் தட்சிணாமூர்த்தி.

"மோதினார் பாங்கு சொல்லிட்டாருங்க."

"ஒங்க மோதினார் கெடியாரம் ஃபாஸ்ட்டா ஓடுது. ரிப்பேர் பண்ணச் சொல்லு."

"கெடியாரம் இல்லீங்க. சூரியன் உழுந்தா பாங்கு."

"அப்ப சூரியனும் ஃபாஸ்ட்!"

இரண்டு மாதம் இப்படிச் சூரியனைத் திருத்தியபடியே மில் நடந்தது. மீரான் போட்ட மனுவின் பேரில் ஒரு நாள் லேபர் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். ஆட்களை எல்லாம் முற்றத்தில் நிறுத்தி விசாரித்தார்.

"சங்கு எத்தனை மணிக்கு ஊதுது?"

"அஞ்சுக்கு சார்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"சங்கு ஊதுனப்பறம் யாராவது வேலை செஞ்சீங்களா?"

"இல்லீங்க" என்றார்கள் ஆட்கள், உண்மை பேசிப் பழகியவர்கள். சங்கே ஏழு மணிக்குத்தான் என்று மீரான் கத்தினான். கையில் வாட்ச் இருக்கிறதா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். மீரானிடம் ஏது வாட்ச்? ராஜாமணி அடக்கத்தோடு புன்னகை செய்தார். தட்சிணாமூர்த்தியோ மனசுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டார்.

ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, ஓவர்டைமே இல்லாத மில்லுக்கு ஓவர்டைம் குமாஸ்தா எதுக்குங்க?"

ராஜாமணிக்கு இது தோன்றவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. செலவைக் குறைக்கும் யோசனை எவர் வாயிலிருந்து வந்தாலும் வரவேற்பவர் அவர்.

"அதானே! யோவ் தட்சிணாமூர்த்தி, நாளைலேருந்து நீ வர வேணாம்."

சிதம்பரம், கதவிடுக்கு, சிரிப்பு எல்லாம் ஒரே நொடியில் கைவிட்டுப் போவதைத் தட்சிணாமூர்த்தி பார்த்தார். நியாய உணர்ச்சி அவருக்குள் பொங்கிய சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த நேரம் அதுதான்.

"அநியாயம் சார் இது! ரெண்டு மாசமா தெனம் ஏழு மணி வரைக்கும் சங்குக் கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னவன் நான்! அந்த ரெண்டு ரெண்டு மணி நேரத்துக்கு யாரு பதில் சொல்றது? எனக்கு ஓவர்டைம் குடுங்க!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து காலைக் கீழே வைத்தார்.

"ஏழு மணி வரைக்கும் நீங்க மட்டும்தான் இருந்தீங்களா?"

"நான் ஒருத்தனா சார் அவ்வளவு கடலையையும் ஒடைச்சேன்? இதோ நிக்கிறாங்களே, இவங்க அத்தனை பேரும் இருந்தாங்க!"

ராஜாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

இரண்டு மாதத்து இரட்டைக் கூலி எல்லாருக்கும் வந்தது. அவ்வளவு பேருக்கும் கணக்குப் போட ஆள் வேண்டுமே? தட்சிணாமூர்த்தியையே மறுபடி அழைத்து, இன்ஸ்பெக்டர் சொல்படி பர்மனென்ட்டும் செய்ய வேண்டியதாயிற்று. அநீதியை எதிர்த்துத் தன்னந்தனியாகக் குரல் கொடுத்த 'தியாகச் சுடர்' என்று அவருக்கு மில் வாசலில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மீரான் மாலை போட்டான். இரண்டு வார்த்தை பேசும்படி எல்லாரும் அவனைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"ஐயா நமக்குச் செஞ்சது ரொம்பப் பெரிய உபகாரம். ஒரே ஒரு கொறைதான்" என்றான் மீரான். "அவருக்கு வேலை ரெண்டு மாசம் முந்தியே போயிருந்தா, நமக்கு அன்னிக்கே அஞ்சு மணி ஆயிருக்கும்."